ஒதுங்கு பாய்

பயந்த ஆட்களை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்துக் கடைக்காரராக வந்து வாய்த்தவர், உத்திரமேரூர் முழுக்கச் சலித்தாலும் கிடைக்காத பயந்தாங்கொள்ளி. லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். ஊரில் அவருக்குப் பெயர் ஒதுங்கு பாய். வீட்டில் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சொன்னால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் வந்தவாசி சாலையில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும். கடையின் முன்பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தன் ரகசியத்தைத் தானே கத்திக்கொள்ளலாம். வெளியே கேட்காது. அந்தக் கண்ணாடி அறையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு புளியமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் பாயின் தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் இடிந்துபோன நெல் குடோனின் செங்கல் சுவர், ஒன்றரை முழம் கனம். அந்தச் சுவருக்காகத்தான் அந்த இடத்தையே வாடகைக்கு எடுத்ததாகச் சொல்வார். மற்றவர்கள் தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்று பார்த்து இடம் பிடிப்பார்கள். இவர் சுவர் பார்த்துப் பிடித்தார்.

அந்தக் காலத்து லாரிச் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த மனுஷன் புரிவார். இப்போது வருகிற பல லாரிகளின் சக்கரம் ஒரே வார்ப்பு. அப்போது அப்படி இல்லை. நடுவில் இரும்பு டிஸ்க். அதன்மேல் டயரைச் சொருகுவார்கள். சொருகின டயர் கழன்று வராமல் இருக்க, டிஸ்க்கின் ஓரத்தில் ஓடும் ஒரு பள்ளத்தில் இரும்பு ரிங் ஒன்றை மாட்டுவார்கள். ஓரிடத்தில் வெட்டுவிட்ட வளையல் மாதிரி இருக்கும். நெம்பி, விரித்து, சம்மட்டியால் தட்டித் தட்டி உட்காரவைக்க வேண்டும். உள்ளே காற்று ஏற ஏற டயர் அந்த ரிங்கை வெளியே தள்ளும். பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த ரிங் அசையாது. துரு ஏறியிருந்தாலோ, வளைந்திருந்தாலோ, வேறு டிஸ்க்கின் ரிங்காக இருந்தாலோ பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரில் நிற்பது மனுஷனா மாடா என்று பார்க்காது.

பறக்கும் என்று பாய்தான் சொல்லுவார். நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இன்னொரு பஞ்சர் கடையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும் டயர்மேலேயே உட்கார்ந்து டிரைவர்கள் பீடி குடிப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஆனால் பாய் காற்று அடிப்பது ஒரு ஊர்வலம். முதலில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய், ரிங் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவார். மூன்று இடத்தில் சங்கிலி சுற்றுவார். பிறகு காற்றுக் குழாய். தாலுகாவிலேயே அத்தனை நீளக் குழாய் யாரிடமும் கிடையாது. மூன்று குழாயை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கியிருந்தார். அதன் ஒரு முனையைச் சக்கரத்தில் மாட்டிவிட்டு, மறு முனையோடு கொட்டகையின் மூலைக்கு ஓடிப்போய், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டுவார். அதற்கப்புறம்தான் சத்தம் வரும்.

"ஒதுங்கு! ஒதுங்கு! ஏய் சைக்கிளு, ஒதுங்கு! யக்கா, கூடைய எடுத்துக்கினு அந்தாண்ட போ! ஒதுங்கு!"

அதோடு விட்டால் பரவாயில்லை. என் பூத்துக்கு வந்து கண்ணாடியைத் தட்டுவார். உள்ளே ஒருவர் பம்பாய்க்குப் பேசிக்கொண்டிருப்பார். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். "வெளிய வா நைனா, காத்தடிக்கணும்" என்பார். அந்த ஆள் என்னை முறைப்பார். நான் பாயை முறைப்பேன்.

"ரிங்கு சுவத்தத்தான பாத்துக்கினு கீது? என் கடைக்கு இன்னா வந்துச்சி?"

"சுவத்துல பட்டுத் திரும்பும் தங்கச்சி. அதுக்கு இன்னா கண்ணா கீது, ஓட்டு வாங்கற ஆளு வூடு பாத்துப் போறாப்ல போறதுக்கு?"

"நான் ஒதுங்க மாட்டேன்."

"நீ ஒதுங்க மாட்ட. அது எனக்குத் தெரியும். கஸ்டமர அனுப்பு."

எத்தனையோ வருடத்தில் நான் ஒருநாளும் கடையை விட்டு இறங்கியதில்லை. என் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவர் மூலையிலிருந்து ஒற்றைக் கண்ணால் என்னையும் காற்றின் அளவு காட்டும் முள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். காற்று ஏறி முடியும். சக்கரம் அமைதியாக நிற்கும். "இன்னா பாய், இன்னிக்கும் பறக்கலியா?" என்று கேட்பேன். "பறக்கல, அல்லா காப்பாத்துனான்" என்று துண்டை உதறிக்கொண்டு வருவார். என்னவோ ரயிலைத் தடுத்து நிறுத்தியவர் மாதிரி முகம் இருக்கும்.

பயந்த சுபாவம் என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. அதுதான் எரிச்சல். டிராக்டர் டயர் வந்தால் அதன்மேல் சாய்ந்து, பாட்டு முனகிக்கொண்டே காற்று அடிப்பார். அதில் ரிங் கிடையாது. ஒருமுறை அவருடைய பழைய டயர் அடுக்குக்குள் நல்ல பாம்பு புகுந்துவிட்டது. தெருவே ஓடியது. என் நாற்காலிமேல் நானே ஏறி நின்றேன், பொய் சொல்ல மாட்டேன். பாய் டயர் நெம்புகிற கம்பியால் அதை லேசாகத் தூக்கிக் கோணிப்பையில் போட்டு, சைக்கிளில் வைத்து ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து நாஷ்டா சாப்பிட்டார்.

"பாம்புக்குப் பயம் இல்லியா பாய்?"

"அது நம்மளப் பாத்தா ஒதுங்கிப் போவும். ரிங்கு போவுமா?"

இட்லியை மென்றுகொண்டே சொன்னார்.

இன்னொரு கூத்து நகப்பூச்சு. ஒரு டிஸ்க்கின் ரிங்கை இன்னொரு டிஸ்க்குக்கு மாட்டக்கூடாது என்பது அவருடைய சட்டம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் பள்ளத்தின் வளைவு மாறும் என்பார். அதனால் எந்தச் சக்கரத்தைக் கழற்றினாலும் டிஸ்க்கில் ஒரு பொட்டு, ரிங்கில் அதே நிறத்தில் ஒரு பொட்டு வைப்பார். சுண்ணாம்பு அழிந்துபோகிறது, பெயின்ட் காய நேரமாகிறது என்று கடைசியில் பஜாரில் நகப்பூச்சு வாங்க ஆரம்பித்தார். சிவப்பு, ரோஸ், மரூன், ஊதா என்று வரிசையாக அடுக்கிவைத்திருப்பார். பேன்சி ஸ்டோர்காரர், "வூட்ல அம்மாவுக்கா பாய்?" என்று கேட்டதற்கு, "ரிங்குக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வாங்கிய புதிதில் என்னிடம் வந்து, எந்தக் கம்பெனி பூச்சு சீக்கிரம் உரியாது என்று சீரியஸாகக் கேட்டார். கறுப்பு விரலில் அந்தக் குட்டிப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டியபடி, துருப்பிடித்த இரும்புக்குப் பொட்டு வைப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பெண்ணுக்குக்கூட யாரும் அத்தனை கவனமாக வைக்க மாட்டார்கள்.

மானாம்பதி பக்கம் ரோடு போட வந்த பெரிய மண் தள்ளும் மெஷினின் டயர் ஒன்று அவரிடம் வந்தது. டயர் என் உயரம் இருந்தது. அதில் ஒரு ரிங் இல்லை. ரிங், ரிங்குக்கு மேல் ரிங், பூட்டு என்று எண்ணினால் ஐந்து துண்டு. பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்கு ஐந்து நிறம் செலவானது. காற்று அடிக்கும் நேரம் வந்ததும் என் கடை, டீக்கடை, உரக்கடை எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, ரோட்டுக்கு நடுவில் போய் நின்று செங்கல்பட்டு பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"யோவ் பாய், இன்னாத்துக்கு பஸ்ஸ நிறுத்தற? மினிஸ்டர் வர்றாரா?"

"மினிஸ்டர் வந்தா கையாட்டிட்டுப் பூடுவாரு. இது வந்தா ஆட்டறதுக்குக் கை இருக்காது. பத்து நிமிசம் குந்து."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஐந்து நிறப் பொட்டு வைத்த சக்கரத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் வழக்கம்போல நாற்காலியில் இருந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. பஸ் போய்விட்டது. கண்டக்டர் போகும்போது திட்டிய திட்டு வேறு.

இப்படிப் பயப்படுகிறாரே, ஏதாவது நடந்திருக்கும் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அண்ணனின் தலை போனது என்றார்கள். முதலாளி கண்ணெதிரிலேயே செத்தார் என்றார்கள். ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"பாய், உனக்கு இன்னா ஆச்சு?"

"எனக்கு இன்னா ஆச்சு? நல்லாத்தான கீறேன்."

"அப்புறம் ஏன் இத்தினி பயம்?"

"நல்லா கீறதாலதான்."

அண்ணனும் இல்லை, முதலாளியும் இல்லை. எதுவுமே நடக்காத ஆள். சும்மாவே பயந்திருக்கிறார். எனக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஆத்திரம் முற்றியது ஒரு ரிட்டையர் ஆன வாத்தியாரால். தன் பெண்ணுக்கு மதுரையில் ஒரு வரன் பார்த்து, முடிவு சொல்ல போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருந்ததாம். பாய் கண்ணாடியைத் தட்டினார். வாத்தியார் மரியாதைக்கு வெளியே வந்தார். காற்று அடித்து முடித்து உள்ளே போய்ப் பார்த்தால் லைன் இல்லை. மறுபடி போட்டபோது அந்தப் பக்கம் எடுக்கவில்லை. அந்த வரன் கைநழுவிப் போனதற்குக் காரணம் நான்தான் என்று என் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பூத்துக்குத்தான் போனார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர் போனார்கள். அங்கே யாரும் கண்ணாடியைத் தட்டுவதில்லை. என் பூத்தில் வருகிற காசில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் பேரூராட்சிக்கு மனு எழுதினேன். மேற்படி பஞ்சர் கடையை அந்த இடத்தை விட்டு அகற்ற வேண்டும். 'இதனால் பொதுமக்கள் உயிருக்குப் பெரும் ஆபத்து உள்ளது' என்று ஒரு வரி போட்டேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மனுவில் கொஞ்சம் காரம் இருக்கட்டும் என்று போட்டதுதான். வரிசையில் இருந்த எல்லாக் கடையிலும் கையெழுத்து வாங்கினேன். டீக்கடை, உரக்கடை, சலூன், எல்லோரும் சந்தோஷமாகப் போட்டார்கள். இருபது கையெழுத்து.

அன்று சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே பாய் வந்து நின்றார்.

"இன்னா தங்கச்சி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கினு போற. என்னாண்ட மட்டும் வரல?"

எனக்கு மறைத்துப் பேச வராது. "உன்ன இங்கருந்து தூக்கறதுக்குத்தான் பாய் மனு."

அவர் முகம் மாறவில்லை. "குடு, பாக்கலாம்" என்றார்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நின்றுகொண்டே முழுவதும் படித்தார். ஆபத்து என்ற இடம் வந்ததும் அதன்கீழ் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"இத்தத்தான் நானும் இத்தினி வருசமா தொண்ட கிழியக் கத்திக்கினு கீறேன். ஒருத்தனும் கேக்கல. நீ ஒருத்திதான் எழுத்துல எழுதிக்கீற."

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, இருபத்தோராவது கையெழுத்தைப் போட்டார். தாளின் ஓரத்தில் கிரீஸ் விரல் ஒன்றும் பதிந்தது.

"பாய், உன் கடையத்தான் எடுக்கச் சொல்றேன்."

"தெரிது. எடுக்கட்டும். ஆனா இதவிடப் பெரிய சுவரா பாத்து எடம் குடுக்கணும்னு ஒரு வரி சேத்துக்க."

நான் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று மனுவை மேசை டிராயரில் வைத்தேன். அன்று புதன்.

வெள்ளிக்கிழமை எனக்கு நிம்மதியான நாள். பன்னிரண்டரைக்கு பாய் குளித்து, வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி, தொப்பி என்று தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். வர இரண்டு மணி ஆகும். கண்ணாடியைத் தட்ட ஆள் இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து போன் வர வேண்டியவர்களை அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்வேன். சவூதியிலும் வெள்ளிக்கிழமைதான் லீவு.

அந்த வெள்ளிக்கிழமை மானாம்பதியிலிருந்து ஒரு பெண் வந்து காத்திருந்தாள். புருஷன் சவூதியில். மூன்று மாதமாகப் போனும் இல்லை, கடிதமும் இல்லை. நான்கு வாரமாக வெள்ளிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அன்றைக்கு ஒன்றேமுக்காலுக்கு மணி அடித்தது. அவன்தான். அவள் ஓடிப்போய் கண்ணாடி அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வெளியே புளியமரத்தடியில் ஒரு நெல் லாரி நின்றிருந்தது. பின்பக்கம் இரண்டு சக்கரம் பஞ்சர். பாய் இரண்டையும் கழற்றி, ட்யூப்புக்கு ஒட்டுப்போட்டு, டயரை டிஸ்க்கில் சொருகிவிட்டார். ரிங் மாட்டுவதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "வந்து மாட்டறேன், தொடாத" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு ரிங்கும் தரையில் கிடந்தன.

டிரைவர் வெளியூர்க்காரன். மேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் கிழிசல். மழைக்குள் வாலாஜாபாத் மில்லில் நெல்லை இறக்கியாக வேண்டும். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் ரிங்கைப் பார்த்தான். பிறகு சம்மட்டியை எடுத்தான். கைக்கு எட்டிய ரிங் ஒன்றை எடுத்து, கைக்கு எட்டிய சக்கரத்தில் தட்டி மாட்டினான். சுவர்வரைக்கும் உருட்ட அவனுக்குப் பொறுமை இல்லை. புளியமரத்தில் சாய்த்து நிறுத்தினான். ரிங் பக்கம் என் கண்ணாடி அறையைப் பார்த்திருந்தது. குழாயை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"யம்மா, காத்து மோட்டார் சுச்சு எங்க கீது?"

நான்தான் காட்டினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். நான் காட்டியது மட்டுமல்ல, மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு சுலபமான வேலைக்கா அந்த மனுஷன் தெருவையே காலி செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் திரும்பி வந்தபோது காற்று ஏறக்குறைய முழுக்க ஏறியிருந்தது. ரிங் ஒரு பக்கம் விரல் தடிமனுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை உள்ளே தள்ள டிரைவர் சம்மட்டியை ஓங்கியிருந்தான்.

பாய் கத்தவில்லை. அத்தனை வருடமாகக் கத்திய ஆள், அன்றைக்கு, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி பேசினார்.

"தம்பி. சம்மட்டிய கீழ போடு. போட்டுட்டு ஓரமா நடந்து போய்க்கினே இரு. தங்கச்சி, மோட்டார ஆஃப் பண்ணு."

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான். நான் ஆஃப் செய்தேன். டீக்கடையிலிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து போனார்கள். பாய் கண்ணாடி அறையைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தட்டினேன். அந்தப் பெண், பாய்தான் வழக்கம்போல விரட்டச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, போனைக் கையால் பொத்தியபடி என்னை முறைத்தாள். திரும்பி நின்றுகொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த குரல். பூமி பிளந்தாலும் வைக்க மாட்டாள். கதவை இழுத்தேன். தாழ்ப்பாள் அசையவில்லை.

மோட்டாரை நிறுத்தினாலும் ஏறிய காற்று உள்ளேதான் இருக்கும். வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றினால்தான் இறங்கும். அந்த வால்வு இருப்பது ரிங் இருக்கும் பக்கம்.

"நீ ஒதுங்கு தங்கச்சி" என்றார்.

"நீ இன்னா பண்ணப் போற?"

பாய் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வெள்ளை லுங்கியை மடித்துக் கட்டினார். சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த ரிங்குக்கு நேர் எதிரில் குந்தினார். குழாயை உருவிவிட்டு வால்வுக்குள் திருகினார். காற்று சீறியது.

நான் ஒதுங்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, கால் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அவருடைய முட்டி இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஆடின. கண்ணை இறுக்க மூடியிருந்தார். உதடு அசைந்தது. ஓதினாரோ டிரைவரைத் திட்டினாரோ தெரியாது. கை மட்டும் வால்விலிருந்து நகரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். சீறல் குறைந்து, மூச்சு மாதிரி ஆகி, நின்றது. ரிங் தளர்ந்து, தானாகச் சரிந்து, அவர் காலடியில் டங் என்று விழுந்து, ஒரு சுற்று சுற்றிப் படுத்தது.

அவ்வளவுதான். எதுவும் பறக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சலூன்காரர், "அவ்ளோதானா பாய்?" என்று கத்தினார். வருடக்கணக்காகக் காத்திருந்தவருக்கு ஏமாற்றம்.

பாய் ரிங்கை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். டிஸ்க்கில் சிவப்புப் பொட்டு. ரிங்கில் ரோஸ்.

"செவப்புக்கு ரோஸ மாட்டிக்கீற."

"நெய்ல் பாலிஷப் பாத்து மாட்டறதுக்கு நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்தேன்?" என்றான் டிரைவர்.

அப்போதுதான் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அழுது முடித்த முகம், நல்ல அழுகைதான். அடுத்த மாதம் வருகிறானாம். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இல்லை. பாயைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாய் நீ, பெரிய மன்சன்தான? பொம்பள புருசங்கிட்ட பேசிக்கினு கீறேன், கண்ணாடியாண்ட வந்து முதுகக் காட்டிக் குந்திக்கினு ஒட்டுக் கேக்கற? வெக்கமா இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"தப்புதாம்மா. பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்போ ஒதுங்கு. காத்தடிக்கணும்."

பிறகு சிவப்புக்குச் சிவப்பு, ரோஸுக்கு ரோஸ் என்று மாட்டினார். சுவர் வரைக்கும் உருட்டினார். சங்கிலி சுற்றினார். மூலைக்கு ஓடினார். ஒற்றைக் கண்ணை நீட்டினார். தொண்டை கிழியக் கத்தினார். மழை வந்துவிட்டது. டிரைவர் நனைந்துகொண்டே முப்பதடி தள்ளிப்போய் நின்றான்.

திங்கட்கிழமை டிராயரைத் திறந்தேன். மனுவை எடுத்து ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். மனுவைக் கொடுக்கவும் மனம் இல்லை. போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கிற ஆளும் நான் இல்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'பாய் ஒதுங்கச் சொன்னால் போனை வைத்துவிட்டு உடனே வெளியே வரவும். மறு அழைப்புக்குக் காசு இல்லை.' கண்ணாடி அறைக்குள் போய், பேசுகிறவர் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில், நாலு பக்கமும் பசை தடவி அழுத்தி ஒட்டினேன். செய்த வேலையில் எனக்கே திருப்தியாக இருந்தது.

கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் உள்ளே நின்று வேலூருக்கு என் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். பாய் வெளியே வந்து நின்றார். தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு நேரே என் மனு. இருபத்தொரு கையெழுத்து, அவருடைய கிரீஸ் விரல் எல்லாம் பளிச்சென்று ரோட்டைப் பார்த்திருந்தது. அதை எழுத்துக் கூட்டி மறுபடி முழுவதும் படித்தார். பிறகு கதவைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டி, இந்தப் பக்கத்தையும் படித்தார். எனக்குக் காது சுட்டது. போனில் அக்கா, "இன்னாடி, கீறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் சரியாத்தான் எழுதிக்கீற" என்றார் பாய். "அந்தச் சுவரு வரிய மட்டும் வுட்டுட்ட."

கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"செரி, ஒதுங்கு தங்கச்சி. காத்தடிக்கணும்."

போனை வைத்துவிட்டு இறங்கிப்போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.